த்ரீ நாட் த்ரீயை ஒழுங்காகக் காட்டிய கேம் எது? கேட்பது என் தாத்தா

ஜோகுபாளையா ஜெகன்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி ஒற்றை வரிதான், அதற்கு முன்னால் கதை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் அல்சூர் பக்கம், ஜோகுபாளையாவில் இருக்கிறோம். அம்மாவின் அப்பா எங்களோடுதான். வயது 84. 1960-இல் எம்.இ.ஜி.யில், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். இங்கேயே பயிற்சி முடித்து, வடக்கே எங்கெங்கோ பாலமும் ரோடும் போட்டு, ஹவில்தாராக ரிட்டையர் ஆனவர். அந்தப் பிரிவுக்காரர்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் பழைய கூட்டாளி போன் செய்தால், இரண்டு கிழவர்களும் மாறி மாறி 'என்ன தம்பி, எப்படி இருக்க தம்பி' என்று பேசிக்கொள்வதைக் கேட்கவே வேடிக்கையாக இருக்கும்.

போன மாதம் தாத்தாவுக்குக் கண்புரை எடுத்தோம். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அதுவரை நான் டிவியில் போனை இணைத்து பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கிக் கேம் ஆடுவது அவருக்கு வெறும் சத்தம். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

முதல் நாள் நான் கார்98 எடுத்தேன். "மவுசர் மாதிரி இருக்கே" என்றார். ஆமாம் என்றேன். தரையில் கிடந்த 7.62 பெட்டியை எடுத்தேன்.

"இது எந்த ரைஃபிளுக்கு?"

"எல்லாத்துக்கும் தாத்தா. ஏ.கே.எம்., எஸ்.எல்.ஆர்., மோசின், இது, எல்லாத்துக்கும் இதேதான்."

அவர் சிரித்த சிரிப்பில் புரையேறி, அம்மா தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். "ஒரே மாவுல இட்லி, தோசை, பணியாரம் எல்லாம் ஊத்தலாம்டா. தோட்டா அப்படியா?"

அப்புறம் நானே தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. ஏ.கே.எம். தோட்டாவின் கூடு 39 மில்லிமீட்டர் நீளம். எஸ்.எல்.ஆருக்கு 51. மோசினுக்கு 54, அதோடு அடியில் விளிம்பு வேறு. கார்98-இன் தோட்டா 7.62 வகையே கிடையாது, 7.92, கூடு 57 மில்லிமீட்டர். இத்தனை வருஷம் ஆடியும் எனக்கு இது உறைக்கவே இல்லை. எஸ்.எல்.ஆரை எடுத்தால் அதற்கும் ஒரு புகார்: "மேகசின்ல 20 ரவுண்டு. இவன் 10 காட்டுறான். மீதியை எவன் தின்னான்?"

சரி, வரலாற்றுக் கேம் என்றால் மரியாதையாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் முதல் உலகப் போரைக் காட்டும் பேட்டில்ஃபீல்டு 1 போட்டு எஸ்.எம்.எல்.இ.யை, அதாவது தாத்தா சொல்லும் த்ரீ நாட் த்ரீ ரைஃபிளைக் கையில் எடுத்தேன். தாத்தா நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்கு ஒரு அடி தூரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். பேச்சே இல்லை. ஐந்து தோட்டா உள்ள கிளிப்பை மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தி இறக்குகிற இடம் வந்ததும், அவருடைய கட்டைவிரல் தன்னால் முழங்காலில் அழுத்தியது. அதை நான் பார்த்தேன்.

"அழுத்துறது சரி. ஆனா சிக்கவே மாட்டேங்குதே" என்றார்.

எது சிக்க வேண்டும் என்று கேட்டேன். எழுந்து போய் டூல் பாக்ஸிலிருந்து தலை உள்ள ஐந்து ஆணியோடு வந்தார். டீப்பாய் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். த்ரீ நாட் த்ரீ தோட்டாவின் அடியில், ஆணித் தலை மாதிரி, கூட்டைவிட அகலமாக ஒரு விளிம்பு இருக்கும். மேகசினுக்குள் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால், போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் இரும்புத் தண்டு) மேல் தோட்டாவைத் தள்ளும்போது அது கீழே உள்ளதையும் கொக்கி போட்டு இழுக்கும். மேல் ஆணியை அவர் விரலால் தள்ளிக் காட்டினார். கீழ் ஆணியும் கூடவே வந்து, இரண்டும் குறுக்கே மாட்டிக்கொண்டன. "இதான். இது நடந்தா டிரெயினிங் உஸ்தாத் பூட்ஸ் முதுகுல இருக்கும்."

அப்புறம் அவருடைய பெரிய சந்தேகம், கோக்கா. காலிக் கூட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். வடக்கே ஒரு ரேஞ்சில் பத்து ரவுண்டு வாங்கி, ஒன்பது கோக்காதான் திருப்பிக் கொடுத்தாராம். மொத்த செக்‌ஷனும் புல்லில் முட்டி போட்டு, இருட்டும்வரை தேடியிருக்கிறது. கடைசியில் அது வலப்பக்கம் படுத்துச் சுட்டவருடைய தரைவிரிப்பின் மடிப்புக்குள் கிடந்ததாம். இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கேமில் கூடு தரையில் விழுந்து இரண்டு விநாடியில் மறைவதைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

இனி என் கேள்வி. த்ரீ நாட் த்ரீயை, அதை வைத்திருந்தவர் ஒத்துக்கொள்கிற மாதிரி காட்டிய கேம் ஏதாவது உண்டா? குறிப்பாக வங்காளத்து இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது. அதில் மேகசினுக்கு முன்னால் கட்டையின் குறுக்கே ஒரு திருகு போகும், அதைப் பார்த்தால்தான் 'நம்ம ஊர் சாமான்' என்று நம்புவேன் என்கிறார்.

கால் ஆஃப் டூட்டியின் பழைய பாகங்களில் கேரண்ட் என்ற அமெரிக்க ரைஃபிளை, எட்டுத் தோட்டாவும் சுட்டுத் தீர்க்காமல் ரீலோட் செய்ய முடியாது. அதையாவது சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று தாத்தாவிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பாலிகான் பாலு:

ஜெகன், கோக்கா கதைக்கே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தரலாம்.

நான் வைட்ஃபீல்டு பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கேம்களுக்கு ஆயுத மாடல் செய்கிறவன். வெளிநாட்டு கம்பெனிகளுக்கான வேலை. எந்தக் கேம் என்று சொல்ல முடியாது. ஏன் இப்படி ஆகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

துப்பாக்கியின் உருவத்தைச் செய்கிறவன் வேறு, அதை அசைக்கிறவன் வேறு, அது எத்தனை விநாடியில் ரீலோட் ஆக வேண்டும் என்று முடிவெடுக்கிறவன் வேறு. என்னிடம் படங்கள், அளவுகள் எல்லாம் வரும். கட்டையின் தேய்மானம், திருகின் பள்ளம்வரை இழைத்துவிடுவேன். அது என் கௌரவம். அப்புறம் அடுத்த மேஜைக்காரர் 'இதற்கு இத்தனை விநாடி' என்று ஓர் எண்ணைக் கொடுப்பார். அந்த எண்ணுக்குள் கை அசைவை இழுப்பார்கள் அல்லது சுருக்குவார்கள். அவருக்கு அது துப்பாக்கி இல்லை, தராசில் ஒரு படிக்கல். பக்கத்துத் துப்பாக்கியைவிட இது ரொம்ப நல்லதாகவும் இருக்கக் கூடாது, மோசமாகவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பேட்டில்ஃபீல்டு 1-இலேயே இதைப் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு போல்ட் ரைஃபிளுக்கும் ஒரு தூர வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புக்குள் நிற்கிறவன் மார்பில் பட்டால் ஒரே குண்டில் காலி. அதைவிடப் பக்கத்தில் வந்துவிட்டால் அதே குண்டு, அதே மார்பு, ஆள் சாகமாட்டான். இதைத் தாத்தாவிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். இப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

தோட்டாப் பெட்டி விஷயமும் இதே கணக்குத்தான். ஆளுக்கு ஆள் தனித் தோட்டா என்றால், பாதி நேரம் பொருந்தாத பெட்டியைத் தேடியே போய்விடும். போனில் ஆடுகிற பையன் ஆட்டத்தையே அழித்துவிடுவான்.

சிக்குவது? செய்ய முடியாதது இல்லை. ஃபார் க்ரை 2-இல், 2008-இலேயே, துப்பாக்கி துருப்பிடித்து நடுச் சண்டையில் அடைத்துக்கொள்ளும். எனக்கு ரொம்பப் பிடித்த கேம். அதற்காகவே அதைத் திட்டியவர்களும் உண்டு. ஆனால் விளிம்பு மாறி உட்கார்ந்ததால் சிக்குவது மாதிரி நுணுக்கமாகச் செய்தால், ஆடுகிறவன் 'கேமில் பிழை' என்று புகார் எழுதுவான். அந்தப் புகாரைப் படிக்கிற வேலையும் எங்கள் தலையில்தான் விழும்.

நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6-இல் ஏ.கே.யின் போல்ட் இடப்பக்கம் இருக்கும். இடக்கைக்காரருக்காக உருவாக்கிய மாடலை அப்படியே கண்ணாடியில் திருப்பிய மாதிரி போட்டுவிட்டார்கள். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆண்டுக்கணக்கில் ஆடினோம், ஒருத்தனாவது கேட்டோமா?

காக்ஸ் டவுன் ஆர்மரர்:

தம்பி ஜெகன், உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் அவருக்கு ரொம்ப ஜூனியர். ராணுவத்தில் பழுது பார்க்கிற இ.எம்.இ. பிரிவில் ஆர்மரர், அதாவது இவர்கள் எல்லாரும் கெடுத்துக்கொண்டு வந்த ரைஃபிளைச் சரி பண்ணுகிறவன்.

ஆணி விளக்கம் நூற்றுக்கு நூறு. கிளிப்பில் போடும்போது விளிம்புகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடுக்குவது அதற்காகத்தான். ஒழுங்காக அடுக்கிய கிளிப் அநேகமாகச் சிக்காது. அவசரத்தில் ஒவ்வொன்றாகக் கையால் திணிக்கும்போதுதான் வினை. அதனால் கேமில் கிளிப் போடும்போது சிக்கவில்லை என்றால் அதை மன்னித்துவிடலாம். ஒவ்வொன்றாகப் போடும்போதும் சிக்கவில்லை என்றால் தாத்தா திட்டுவது நியாயம்.

என் கண்ணுக்கு முதலில் படுவது வேறு. மவுசரில் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கும்போதே சுத்தியல் ஸ்பிரிங் இறுகிவிடும். லீ-என்ஃபீல்டில், அதாவது நம் த்ரீ நாட் த்ரீயில், அப்படி இல்லை. திறப்பது லேசு, முன்னால் தள்ளி மூடுகிற கடைசிப் பகுதியில்தான் இறுகும். உள்ளங்கைக்கு அது தெரியும். முக்கால் தூரம் வழுக்கிக்கொண்டு போய், அப்புறம் ஒரு முரண்டு பிடிக்கும். போல்ட்டின் வாலில் இருக்கிற காக்கிங் பீஸைப் பாருங்கள். போல்ட் முன்னால் போகும், இது மட்டும் பின்னாலேயே நின்றுவிடும். மவுசருக்குப் போட்ட அசைவையே லீக்கும் ஒட்டியிருந்தால் அந்த ஒரு இடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். அடுத்த தடவை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

இன்னொன்று. கேமில் செத்தவனுடைய ரைஃபிளை எடுத்து அடுத்தவன் சுடுகிறான், சரி, அது நடக்கும். ஆனால் ஒரு ரைஃபிளின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டக் கூடாது. போல்ட் கைப்பிடியில் நம்பர் அடித்திருக்கும், ரைஃபிள் நம்பரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். லீ-என்ஃபீல்டின் பிந்தைய மாடலான நம்பர் 4 ரைஃபிளில் போல்ட் தலையே 0 முதல் 3 வரை நாலு அளவில் வரும். தோட்டாவின் பின்புறம் எவ்வளவு இடைவெளி என்று கேஜ் வைத்துப் பார்த்து, பொருந்துகிற தலையைப் போடுவோம். பத்து பேர் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துவிட்டு போல்ட்டுகளை ஒரே கம்பளத்தில் குவித்து வைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

துடைப்பது என்றதும் நினைவு வருகிறது. பித்தளை பட் பிளேட்டில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே எண்ணெய்க் குப்பி, புல்த்ரூ. புல்த்ரூ என்றால் ஒரு நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு. துணித்துண்டை மாட்டி பேரலுக்குள் இழுக்க வேண்டும். அந்தத் துணிக்கு சிந்தி என்று பேர். பழைய தோட்டாவின் மருந்து சுட்ட பிறகு உப்பு மாதிரி படியும், எண்ணெய்க்குக் கரையாது. புனல் வைத்து, கொதிக்கிற தண்ணீரை பேரலுக்குள் ஊற்றி, காயவிட்டு, அப்புறம்தான் எண்ணெய். விட்டால் காலையில் உள்ளே செம்மண் நிறம். சுட்டது ஐந்து நிமிஷம், துடைத்தது ஒரு மணி நேரம். இதை எந்தக் கம்பெனியும் கேமில் வைக்காது, வைக்கவும் வேண்டாம்.

இஷாப்பூர் திருகு பற்றித் தாத்தா சொன்னது ரொம்பச் சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். 1962 போருக்குப் பிறகு இஷாப்பூரில் இதே உருவத்தில் 7.62 நேட்டோ தோட்டாவுக்கு ஒரு ரைஃபிள் செய்தார்கள், 2ஏ, 2ஏ1 என்று. மேகசின் சதுரமாக, 12 ரவுண்டு பிடிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் த்ரீ நாட் த்ரீ மாதிரியே இருக்கும். மேகசினைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

எட்டு ரவுண்டு எழில்:

ஜெகன், தாத்தாவிடம் கேரண்டைப் பற்றிச் சொன்னதை உடனே வாபஸ் வாங்குங்கள். அது நிஜம் இல்லை, அந்தக் கேம் பரப்பிய கதை. எம்1-இல், அதாவது கேரண்டில், பாதி சுட்ட பிறகும் கிளிப்பை வெளியே எடுக்கலாம். போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் இருக்கிற பொத்தானை அழுத்தினால் மிச்சத் தோட்டாவோடு கிளிப் மேலே துள்ளி வரும். அப்புறம் எட்டு உள்ள புதுக் கிளிப்பைப் போடலாம். கஷ்டமானது, உள்ளே இருக்கிற கிளிப்பில் ஒன்றிரண்டைச் செருகி நிரப்புவது. அதனால் பல பேர் மிச்சத்தையும் சுட்டே தீர்த்தார்கள். 'கஷ்டம்' என்பது கேமுக்குள் வந்ததும் 'முடியாது' ஆகிவிட்டது. என் காலேஜ் நண்பன் ஒருத்தன் இதை வைத்து என்னிடம் பந்தயம் கட்டி, ஒரு பிரியாணி தோற்றான்.

பழைய பேப்பர்:

திருகு, விளிம்பு, போல்ட் எல்லாம் படிக்க ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. பேட்டில்ஃபீல்டு 1-இல் ஒரு சர்வருக்குள் போய்ப் பாருங்கள். பாதிப் பேர் கையில் தானியங்கித் துப்பாக்கி. ஹெல்ரீகல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 1915-இல் ஆஸ்திரியாவில் சோதனைக்காகச் செய்த சாமான், படைக்குப் போகவே இல்லை. கேமில் அது கையில் இல்லாத தெருவே இல்லை. அந்தப் போரில் சாதாரணச் சிப்பாய்க்குக் கையில் இருந்தது ஒரு போல்ட் ரைஃபிள், நுனியில் 17 அங்குலக் கத்தி. அதில் நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை குறி பார்த்துச் சுடப் பழக்கினார்கள். அந்த வேகத்தைக் கொடுத்ததே ஆர்மரர் ஐயா சொன்ன லேசான போல்ட்டும் பத்து ரவுண்டு மேகசினும்தான். அதை ஓரத்தில் தள்ளிவிட்டு ஹெல்ரீகலை நடுவில் உட்கார்த்தினால், திருகு சரியாக இருந்து என்ன பயன்?

நம் ஆட்கள் கதையும் ரைஃபிளிலேயே இருக்கிறது. 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு எப்போதும் வெள்ளைக்காரனைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதம்தான் கொடுத்தார்கள். அவன் மார்ட்டினி-ஹென்றி வைத்திருந்தபோது இவனுக்கு ஸ்னைடர். 1914 செப்டம்பர் கடைசியில் லாகூர் டிவிஷனும் அக்டோபரில் மீரட் டிவிஷனும் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது, கொண்டுவந்த ரைஃபிளை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு புதிய மார்க் ரைஃபிளும் புதிய தோட்டாவும் கொடுத்தார்கள். கை பழகாத ரைஃபிளோடு சில வாரங்களில் குளிரில் பதுங்கு குழிக்குள் போனார்கள். மறு வருஷம் மார்ச்சில் நவ் ஷாப்பெல் சண்டை. எந்தக் கேமாவது மார்செயில் ரைஃபிள் மாற்றுகிற அந்த வரிசையைக் காட்டினால் முழு விலை கொடுத்து வாங்குவேன், தள்ளுபடிக்குக் காத்திருக்க மாட்டேன்.

எதிர்ப் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1918 களத்தில் பழைய மாடல் ரைஃபிளைக் காட்டினால் உடனே 'தப்பு' என்று குதிக்கிறவர்கள் உண்டு. 1916-இல் செலவைக் குறைக்க எஸ்.எம்.எல்.இ.யின் மார்க் 3 மாடலில் பலதைக் கழற்றினார்கள். 2800 கஜத்துக்குக் குறி வைக்கிற பக்கவாட்டு சைட் போனது, மேகசினை மூடி வைக்கிற தகடு போனது. அதற்காகப் பழையதை யாரும் குப்பையில் போடவில்லை. நம் ஊரில் கேட்கவே வேண்டாம். உத்தரப் பிரதேசப் போலீஸ் த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான்.

ஜெகன் கேட்டதற்குப் பதில்: ஹெல் லெட் லூஸ் என்ற இரண்டாம் உலகப் போர் கேமைப் பாருங்கள். 2023-இல் பிரிட்டிஷ் படையைச் சேர்த்தார்கள், எஸ்.எம்.எல்.இ.யும் நம்பர் 4-உம் இருக்கின்றன. திரையில் குறிவட்டம் கிடையாது, பட்டதா இல்லையா என்று டிங் சத்தம் கிடையாது. முக்கால் மணி நேரம் நடந்து, யார் சுட்டான் என்று தெரியாமலே செத்துப்போவீர்கள். தாத்தாவுக்குப் பிடிக்கலாம்.

ஜோகுபாளையா ஜெகன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மொத்தத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

ஆர்மரர் ஐயா, உங்கள் வெந்நீர்ப் பத்தியை மட்டும் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். புனலுக்குத் தகரப் புனல்தான், நுனி கொஞ்சம் வளைந்திருக்கும் என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார். போல்ட்டுகளைக் குவித்து வைத்ததற்கு எல்லாச் சாப்பர்கள் சார்பிலும் மன்னிப்பாம். எழில், கேரண்ட் விஷயத்தை வாபஸ் வாங்கிவிட்டேன். 'நான் அப்பவே நினைச்சேன்' என்றார். அவர் ஒன்றும் நினைக்கவில்லை, அன்றைக்குத் தலையாட்டினார்.

ஹெல் லெட் லூஸ் என் கம்ப்யூட்டரில் ஓடாது, அதனால் வீடியோதான் பார்த்தோம். போல்ட்டின் வாலில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். தீர்ப்பு இன்னும் சொல்லவில்லை. 'கை இல்லாம கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும்' என்கிறார்.

நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் கால் ஆஃப் டூட்டி: டபிள்யூ.டபிள்யூ.2 போட்டேன், நார்மண்டி கடற்கரை. முள்வேலியை உடைக்க ஒரு நீளக் குழாயைக் கீழே தள்ள வேண்டும். அதன் பேர் வந்ததும் தாத்தா எழுந்தே நின்றுவிட்டார். "டேய், நம்ம ஊர்ப் பேரைச் சொல்றான்!"

பெங்களூர் டார்பிடோ. 1912-இல் இங்கே, மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்த மெக்கிளின்டாக் என்ற கேப்டன் உருவாக்கியது. குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று திருகி மாட்டி, வேலிக்கு அடியில் நீளமாகத் தள்ளி வெடிப்பது. அமெரிக்கன் கையில் இருந்தாலும் பேர் நம்முடையது. ரைஃபிளில் இத்தனை குற்றம் கண்டுபிடித்தவர் இதில் ஒரே குற்றம்தான் சொன்னார்: "குழாயைத் தள்ளும்போது முன்னால ஒரு மொட்டைத் தலை மாட்டணும், இல்லன்னா மண்ணுல குத்திக்கும். மாட்டியிருக்கானா பாரு." மூன்று தடவை அந்த மிஷனை முதலிலிருந்து ஓட்ட வைத்தார். எனக்கு அதற்குள் மணி பதினொன்றரை, காலையில் மீட்டிங்.

ஹெல் லெட் லூஸ் ஓடுகிற கம்ப்யூட்டர் பக்கத்தில் யாரிடமாவது இருக்கிறதா? இந்திராநகர், டொம்லூர் என்றால் ஆட்டோவில் கூட்டி வந்துவிடுவேன்.

பாலிகான் பாலு:

என் வீடு முருகேஷ்பாளையாவில்தான். ஞாயிறு பத்து மணிக்கு வாருங்கள். லிஃப்ட் உண்டு. ஆணி கொண்டுவரச் சொல்லுங்கள், அந்த அடுக்கை வீடியோ எடுக்க வேண்டும்.

காக்ஸ் டவுன் ஆர்மரர்:

நானும் வரலாமா? டம்மி ரவுண்டு ஐந்தும் ஒரு கிளிப்பும் வைத்திருக்கிறேன், உள்ளே மருந்து இல்லாத வெறும் பித்தளை. ஆணி வேண்டாம்.

ஜோகுபாளையா ஜெகன்:

வாருங்கள் ஐயா. இப்போதே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்றே ஷேவ் செய்துகொள்ள உட்கார்ந்துவிட்டார். பாலு, அவருக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம்.